கரகர வரலை

கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவருக்கு வயசு ஐம்பத்திரண்டு. பஸ்ல ஏறினா குமட்டும், சைக்கிள்ல ஏறினா இடுப்பு பிடிக்கும், நடந்தா கால் ஆணி குத்தும். கடைசியில ஒத்துவந்தது ஸ்கேட்போர்டு ஒண்ணுதான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோட, முதுகுல சாப்பாட்டுப் பையோட, சுவரைத் தொட்டுத் தொட்டு அவர் போற அழகைப் பார்க்க ரெண்டு வீட்டுக்காரங்க பல் விளக்கறதை நிறுத்திட்டு நிப்பாங்க.

ஆனா சத்தம் இருக்கே. எட்டு பேரிங்லயும் எட்டு வருஷத்து மண்ணு. தகரக் கதவைத் தரையில இழுத்துட்டு வர்ற மாதிரி இருக்கும். தெருவுல அவர் பேரே 'கரகர'.

"ஒண்ணு அதுக்கு எண்ணெய் போடுங்க, இல்லைன்னா என் காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்துங்க"ன்னுட்டா பொண்டாட்டி.

ஞாயித்துக்கிழமை காலையிலயே உட்கார்ந்துட்டார். ஸ்பேனரால நட்டைக் கழட்டி, சக்கரத்தை உருவி, பேரிங் எட்டையும் நெம்பி எடுத்து பழைய தட்டுல வச்சார். குண்டூசியால மேல்மூடியைக் கிளப்பினா, உள்ள குட்டிக் குட்டிக் குண்டுங்க கறுப்புக் களியில புதைஞ்சு கிடக்கு. கூடவே நீளமா ஒரு தலைமுடி.

பொண்டாட்டி அதை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா. "இது என்னோடது இல்ல."

"ரோட்டுல கிடந்திருக்கும். சக்கரம் சுத்திக்கிச்சு."

"ம்ம். ரோட்டுல."

மனுஷன் அவசரமா பேரிங்கை எல்லாம் மண்ணெண்ணெய் பாட்டில்ல போட்டுக் குலுக்கி, துணியில ஒத்தி, நல்லா உலர விட்டார். தையல் மெஷின் எண்ணெயைக் கேட்டார்.

"ரெண்டு சொட்டு போதும். தாளிக்கவா போறீங்க?"

திரும்ப மாட்டிச் சுண்டிவிட்டா, சக்கரம் ரெண்டு பேரும் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் சுத்திச்சு. மூச்சுச் சத்தம் கூட இல்ல.

வினையே அங்கதான் ஆரம்பிச்சது.

கடை முதலாளி பலகைத் தடுப்புக்குப் பின்னாடி உட்கார்ந்து ஃப்ரேமுக்கு ஸ்க்ரூ முடுக்குறவர். தலை நிமிர்ந்து பல வருஷம் ஆச்சு. வருகைப்பதிவு எல்லாம் காதாலதான். கரகர கேட்டா நோட்டுல ஒரு டிக்.

சனிக்கிழமை தடுப்புக்கு மேல ஒரு கை நீண்டுச்சு, கையில ஒரு கவர். "யாருப்பா அங்க? இதைக் கொண்டுபோய் அந்தக் கரகர வீட்டுல குடுத்துடு."

கரகரவே வாங்கிப் பிரிச்சார். ஆறு நாளா வரலை, இனிமே வர வேண்டாம்னு எழுதியிருந்துச்சு. இந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான்? தடுப்புகிட்ட ஓடிப்போய் நின்னார்.

"முதலாளி, நான் தினமும் வந்தேனே."

"வந்திருந்தா கேட்டிருக்குமே."

"அப்ப இந்த லென்ஸெல்லாம் யார் தேய்ச்சாங்க?"

முதலாளி ஸ்க்ரூவை விட்டுட்டு யோசிச்சார். "அதான் எனக்கும் புரியலை. யாரோ உன்னைவிட நல்லாவே தேய்ச்சிருக்கான். அவனையே வச்சுக்கலாம்னு இருக்கேன்."

"அது நான்தாங்க."

"திங்கக்கிழமை சத்தம் கேக்குதான்னு பார்ப்போம்."

வீட்டுக்கு வந்து, பேரிங்ல ஒரு பிடி மண்ணைப் போடலாமான்னு மெதுவா கேட்டார். "போடுங்க. அப்புறம் நீங்களும் உங்க ஸ்கேட்போர்டும் வாசலோட நின்னுக்குங்க"ன்னா அவ.

திங்கக்கிழமை கடை இருக்கிற தெருவுக்குள்ள திரும்பினதும் மனுஷன் கண்ணை மூடி, பல்லைக் கடிச்சு, தொண்டையில இருந்து ஆரம்பிச்சார். "கர்ர்ர்ர்..." வாசல்படி வரைக்கும் விடலை. தடுப்புக்குப் பின்னாடி பேனா நோட்டுல உரசுச்சு. வேலை தப்பிச்சது.

அதுல இருந்து தினமும் அப்படித்தான். போன வாரம் அவருக்குச் சளி. பாதி தெருவுல குரல் உடைஞ்சு கீச்சுன்னு ஆயிடுச்சு. பயந்துகிட்டேதான் உள்ள வந்தார்.

"என்னய்யா, வண்டி ஒரு மாதிரி இழுக்குது?"ன்னு தடுப்புக்குப் பின்னாடி இருந்து கேட்டார் முதலாளி. "ஒரு நாள் வீட்டுல உட்கார்ந்து கழுவி ரெண்டு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா?"

"விட்டுடறேன் முதலாளி"ன்னு தொண்டையைச் செருமிக்கிட்டார் லென்ஸ்காரர்.