இருமல் தட்டு

யுத்த காலத்தில் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் எனக்கு வேலை. புதிதாகப் படித்துவிட்டு வந்தவள் என்பதால், எதையும் பரிசோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று துடிப்பேன். பெரிய டாக்டருக்கு அது வேடிக்கை. "உருளைக்கிழங்கு வேகவைக்கறதுக்கா டாக்டருக்குப் படிச்சே?" என்று கேட்பார்.

கிழங்கு உண்மைதான். கக்குவான் இருமலைக் கொண்டுவரும் கிருமி லேசில் வளராது. வேகவைத்த கிழங்குச் சாறு, கிளிசரின், ஆட்டு ரத்தம் எல்லாம் சேர்த்துக் கண்ணாடித் தட்டில் உறையவைத்தால்தான் அந்த மகாராஜா எழுந்தருளுவார். கிளிசரின் வெடிமருந்து செய்ய யுத்தத்துக்குப் போய்விட்டதால், கெஞ்சிக் கூத்தாடி வாங்குவேன். இருமுகிற குழந்தையின் வாய்க்கு நேரே தட்டைப் பிடிக்க வேண்டும். பிறகு அதை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

சைதாப்பேட்டையிலிருந்து ஒருத்தி இரண்டு மாதக் குழந்தையோடு வந்தாள். பால் குடிக்கும்போதே அதற்கு மூச்சு நின்று உதடு நீலமாகிவிடும். முதுகில் தட்டினால் மூச்சு திரும்பும்.

"மூத்தது கூவிக்கினே இருமிச்சும்மா. இது கூவவே இல்ல. அப்டியே மூச்ச அடக்கிக்கினு கீது" என்றாள்.

பெரிய டாக்டர் நிமோனியா என்றார். கூவாத கக்குவானும் உண்டா என்று சிரித்தார். எனக்கோ பயம். அத்தனை சின்ன உயிருக்குக் கூவப் பலம் ஏது? கக்குவான்தான் என்றால், மற்றக் குழந்தைகளுக்கு ஒட்டாமல் இதை உடனே தனியறைக்கு மாற்றியாக வேண்டும். தட்டு சாட்சி சொன்னால்தான் அவர் சம்மதிப்பார்.

தட்டும் கையுமாகக் கட்டிலருகே நின்றேன். குழந்தை செருமியது. நான் தட்டை நீட்டியதும், அவள் சட்டென்று முந்தானையால் அதன் வாயைப் பொத்தினாள்.

"ஐயோ, ஏம்மா பொத்தினே?"

"தட்டும்மா. தட்டுல எச்சி படலாமா?"

இது சோறு தின்கிற தட்டு இல்லை, எச்சில் படத்தான் பிடிக்கிறேன் என்று விளக்கினேன். தலையாட்டினாள். அடுத்த செருமலுக்கும் முந்தானை முந்திக்கொண்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சத்தம் போட்டேன்.

"கை தானா போவுதும்மா" என்றாள் அழுதுகொண்டே.

பிறகு முந்தானையை இடுப்பில் இறுகச் செருகினாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டிலில் கிடந்த குழந்தையிடம் குனிந்தாள்.

"இருமு நைனா. ஒரே ஒரு தபா இருமு. டாக்டரம்மா தட்ட புட்ச்சிக்கினு நிக்கிறாங்க பாரு."

இருமல் வரக்கூடாது என்று அதுவரை எல்லாத் தெய்வத்திடமும் வேண்டிக்கொண்டிருந்தவள் அவள். எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

குழந்தை இருமியது. பூனைக்குட்டி தும்முகிற மாதிரி, ஒரே முறை. உடனே நீலமாகிவிட்டது. தட்டை மூடி வைத்துவிட்டு, முதுகைத் தேய்த்துத் தேய்த்து அதைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

அதற்குப் பின் தினமும் காலையில் "வந்துதாம்மா?" என்று கேட்பாள். நானும் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பேன். ஒன்றும் இராது. குழந்தைக்கு மூச்சு நிற்பது மட்டும் கூடிக்கொண்டே போயிற்று.

கடைசியில் ஒரு காலை, சிவப்புத் தட்டில் பாதரசத் துளிகள் போலப் பொடிப்பொடியாக மின்னின. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சந்தேகமே இல்லை. பெரிய டாக்டர் சிரிக்காமல் தனியறைக்கு உத்தரவு போட்டார்.

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வார்டுக்கு ஓடினேன். "வந்துடுச்சும்மா. கக்குவான்தான்!"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. குழந்தையை மடியில் கிடத்தி, விரலால் அதன் வாயைத் திறந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊத்துங்கம்மா" என்றாள்.

அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து அப்போது இந்த ஊரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் இல்லை. சல்பா மாத்திரைக்கெல்லாம் அது அசையாது. மூச்சு நின்றால் தட்டிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் விரல் குழந்தையின் வாயிலேயே இருந்தது.

"அப்போ எதுக்கும்மா கொயந்தய இருமச் சொன்னீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் பக்கத்துக் கட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் தனியறைக்குப் போனாள். அங்கே அது மறுநாள் மத்தியானம்வரை இருந்தது.