மணி அடித்தால் எழுந்து போனவர்

பிலோமினா சிஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது மயிலாப்பூர் குளத்தோரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பஸ் வந்தது, ஏறத் தோன்றவில்லை. நம் வார்டில் அவரிடம் திட்டு வாங்காதவர் யார்? நம் ஆஸ்பத்திரியில் இருக்கும் உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நொச்சிக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண், நம் பொது வார்டின் தலைமை நர்ஸ்.

நோயாளிகளின் மணிக்கட்டில் கட்டும் அந்தப் பட்டை வந்த சமயம் நினைவிருக்கும். நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் தானாகவே நம் மேசைத் திரைக்கு வந்துவிடும். ஏதாவது தவறினால் மணி அடிக்கும். இனி நர்ஸ் எதற்கு என்று பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று நர்ஸுகள் நாங்கள் பயந்தோம். நான் வாய்விட்டே திட்டினேன். சிஸ்டர்தான் முதலில் எதிர்ப்பார் என்று நம்பினோம். அவரோ அதைத் தன் கையில் கட்டிக்கொண்டு வார்டு முழுக்க நடந்து பார்த்தார். "எங்கண்ணன் போட்ல ஜிபிஎஸ் வந்தப்பவும் இப்டித்தான் பொலம்புனாங்க. இப்போ அது இல்லாம எவனும் போறதில்ல. அதுக்காக கடல பாக்காம போறானா இன்னா?" என்றார்.

சாப்பாட்டு நேரம்தான் வம்பு. இடது கையில் பெரும்பாலும் டிரிப்ஸ் ஊசி இருக்கும். அதனால் பட்டை வலது கைக்குப் போகும். சோற்றைப் பிசைந்து அள்ளுகிற ஆட்டத்தில் கணக்குத் தப்பி மணி அடிக்கும். மதியம் முழுக்க அடித்தால் யார் எழுவது? மேசையிலிருந்தே பட்டனை அமுக்கி நிறுத்திவிடுவோம். சிஸ்டர் மட்டும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போவார். ஒருநாள் அப்படிப் போனபோது, ராயப்பேட்டைப் பெரியவர் ஒருவர் தொண்டையில் சோறு அடைத்து, சத்தமே வராமல் திணறிக்கொண்டிருந்தார். சிஸ்டர் அவரை முன்னால் சாய்த்து முதுகில் ஓங்கித் தட்டி அடைப்பை எடுத்தார். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பெரியவர் மூச்சு இழுத்துவிட்டார்.

எங்கள் பயமும் வீணில்லை. கொஞ்ச நாளில் நிர்வாகம் எங்களைக் கூப்பிட்டு, மெஷின் பார்த்துக்கொள்வதால் ஷிப்டுக்கு ஆள் குறைக்கலாம் என்றது. சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை. பெரியவருக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு, "மெஷின் நல்லாத்தான் கூப்ட்டுக்கினு கீது சார். எனக்கு அது வேணும். ஆனா கூப்ட்டா போறதுக்கு ஆள் வேணாமா?" என்றார். அதற்குப்பின் ஒருவரையும் நீக்கவில்லை. இன்றும் என் வீட்டில் அடுப்பு எரிகிறதென்றால் அந்தக் கேள்வியால்தான். அம்மாடி, என்ன மனுஷி!

கடைசியில் நம் வார்டிலேயே, அதே பட்டையுடன் படுத்தார். கஞ்சி குடிக்கும் நேரத்தில் அவர் கட்டிலின் மணி அடித்தது. விழுந்தடித்து ஓடினேன். பட்டை கட்டிய கையை வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்லடி. வர்றியான்னு பாத்தேன்."

கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

அவர் என்னிடம் விட்டுப்போனது இதுதான். இன்று மதியமும் மணி அடித்தது. கை பட்டன் பக்கம் போகவில்லை, எழுந்து போனேன். கட்டிலில் சோறு பிசைந்துகொண்டிருந்த நோயாளி அம்மா ஒருவர் நிமிர்ந்து, "இன்னாம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன்.