அம்மா நிமிர்ந்த பிரிண்ட்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிற ஆள் நான். படித்தது அஞ்சாம் கிளாஸ் வரைக்கும்தான், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம், அப்படிப்பட்டவள் கதை கட்டி என்ன சம்பாதிக்கப் போகிறேன், நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு இரண்டு வயது முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். அவள் முகம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது, வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. போன வருஷம் மும்பையிலிருந்து என் அத்தை பேரன் ராமு போன் பண்ணினான். அத்தையின் பழைய பெட்டியில் அவள் கல்யாண குரூப் போட்டோ கிடைத்ததாம், அதில் என் அம்மாவும் இருக்கிறாளாம், வாட்ஸ்அப்பில் போட்டால் மங்கிவிடும், ஈமெயிலில் அனுப்புகிறேன் என்றான். எனக்கு ஏது ஈமெயில், ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருமுனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மலையாளிப் பெண் பிந்துவின் விலாசத்துக்கு அனுப்பச் சொன்னேன்.

மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். பிந்து மெயிலைத் திறந்து, படத்தைக் கம்ப்யூட்டரில் சேமித்து, பெரிதாக்கிக் காட்டினாள். ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்களில் ஓரத்தில் இருப்பவள்தான் அம்மா என்று ராமு எழுதியிருந்தான். எல்லாரும் நேரே பார்க்க, அவள் ஒருத்தி மட்டும் தலையை நன்றாகக் குனிந்திருந்தாள். வகிடும் பூவும்தான் தெரிந்தது.

"முகம் காணானில்லல்லோ மாமீ. பிரிண்ட் வேணோ?"

"பரவால்ல, எடு" என்றேன். அவள் போட்டோ பேப்பரைச் சொருகிக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் நிமிந்து பாரேன்மா" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன், பக்கத்தில் நின்ற பிந்துவுக்கே கேட்டிருக்காது.

பேப்பர் மெதுவாக வெளியே வந்தது. முதலில் பந்தல், பிறகு நின்றிருந்த ஆண்களின் தலைப்பாகைகள், மாப்பிள்ளையும் பெண்ணும், கடைசியில்தான் ஜமக்காளம். நம்பினால் நம்புங்கள், அம்மா நிமிர்ந்திருந்தாள். சின்ன முகம், அகலமான நெற்றி, என்னவோ சொல்ல வருகிற மாதிரி வாய் லேசாகத் திறந்திருந்தது.

பிந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் அம்மா குனிந்தபடியேதான் இருந்தாள்.

"ஞான் ஒண்ணும் செய்திட்டில்ல மாமீ" என்றாள், குரல் இறங்கிப்போய். இன்னொரு பிரிண்ட் எடுத்தாள். அதில் குனிந்த தலை. அடுத்ததிலும் அப்படியே.

அன்று சாயங்காலமே ராமுவை வீடியோவில் கூப்பிட்டு, முதல் பிரிண்டை அத்தைக்குக் காட்டினேன். அத்தைக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, ஆனால் ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

"மன்னியேதான். எங்கேடி கெடச்சது இது?"

"உங்க கல்யாணப் படம்தான் அத்தை, ராமு அனுப்பினது."

"போடி அசடே. போட்டோக்காரன் தொண்டை வறளக் கத்தியும் அன்னிக்கு அவ தலையத் தூக்கலை. இது வேற பார்வை. நீ தவழ்ந்து வாசப்படிக்குப் போறச்சே, உன்னைக் கூப்பிடறதுக்கு இப்படித்தான் நிமிந்து பாப்பா."

அம்மாவின் முகம் எனக்குக் கிடைத்துவிட்டது, அதில் சந்தோஷம்தான். ஆனால் எப்போது அந்தப் படத்தை எடுத்தாலும் ஒன்று உறுத்துகிறது. மற்ற எல்லாருடைய கண்ணும் கேமராவைப் பார்க்கிறது. அம்மாவின் கண் மட்டும் அதற்கு ரொம்பக் கீழே, தவழுகிற குழந்தையின் உயரத்தில் நிற்கிறது. அத்தையின் கல்யாணத்தின்போது நான் பிறந்திருக்கவே இல்லை.