கயிற்றுப் புகையிலையும் ஒரு கட்டி வெல்லமும்

திருப்போரூரில் இறங்கி என் மண்டபம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஷேர் ஆட்டோக்காரர் மறுபேச்சு இல்லாமல் ஏற்றிக்கொள்வார். அந்த மண்டபத்தை யாரும் எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. நான்கு அண்டாவையும் இரண்டு ஜமுக்காளத்தையும் வாடகைக்கு விட ஆரம்பித்து, பந்தல், சமையல் ஆள், மேளம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டியது. படிப்பு ஐந்தாவது வரைக்கும்தான், அதிலும் பாதி வருஷம் களத்துமேட்டில் போயிற்று. இப்போது பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள் கல்யாண ஏற்பாட்டுக்கென்றே கம்பெனி வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கிறார்கள். முதல் கல்யாணத்தை ஒன்பது வயதில் முடித்துவைத்தேன் என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நான் சொல்வது பொய் இல்லை.

அது என் அத்தையின் கல்யாணம். அப்பாவுக்கு ஒரே தங்கை. பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எனக்குத் தலை வாரிவிட்டது, பேன் எடுத்தது, அடித்தது எல்லாமே அவள்தான். அம்மாவுக்கு வயல் வேலைக்கே பொழுது சரியாக இருந்தது.

அந்த வருஷம் மாமா கப்பலிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். அம்மாவின் தம்பி. ஊரில் எல்லோரும் அவரைக் கப்பல்காரர் என்று பெருமையாகக் கூப்பிட்டார்கள். கப்பலில் அவர் செய்தது சமையற்கட்டில் வெங்காயம் உரிக்கிற வேலை. அதை அவர் மறைத்ததில்லை, மற்றவர்கள்தான் கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய சொந்த வீடு திருவிடந்தையில் இருந்தது. அங்கே இரண்டு நாள் தலையைக் காட்டிவிட்டு, மீதி விடுப்பு முழுக்க எங்கள் வீட்டில் தங்கினார். எனக்காகத்தான் தங்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒரு பைப்பும் ஒரு சுருள் புகையிலையும் இருந்தன. பைப்புக்குத் தமிழில் சுங்கான் என்று பேர் என்பதை வெகுகாலம் கழித்து ஒரு வாத்தியார் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்தப் புகையிலை நாம் பார்க்கிற புகையிலை மாதிரி இருக்காது. இலைகளை முறுக்கி முறுக்கிக் கட்டைவிரல் கனத்துக்குக் கயிறாகத் திரித்துச் சுற்றியிருந்தார்கள். எண்ணெயில் ஊறின மாதிரி கன்னங்கரேல் என்று மினுங்கும். அடுப்புக்கரி வாசனையும் கரும்பாலைக் கொப்பரையின் பாகு வாசனையும் சேர்ந்து வரும். அம்மா வீட்டைப் பெருக்கும்போது பெட்டியிலிருந்து வெளியே கிடந்ததைப் பார்த்து, தாம்புக்கயிறு என்று எண்ணி மாட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் மாட்டிவிட்டாள். மாமா ஒரு நாள் பூராவும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்.

கண்டுபிடித்தது அத்தை. அவள் மாமாவிடம் நேராகப் பேசமாட்டாள். என்னிடம் சொல்வது போல அவர் காதில் விழச் சொல்வாள்.

“இன்னாடி, உங்க மாமா கயிறு கொட்டாய்ல தொங்கிகினு கீது. மாட்ட கட்டுறதுக்கா, அவர கட்டுறதுக்கா, கேளு.”

மாமாவும் என்னிடம்தான் பதில் சொல்வார். “கட்றதுக்கு ஆள் வந்தா நான் வாணாம்னா சொல்லப் போறேன், மருமவளே?”

இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். இவ்வளவு பெரியவர்கள் என்னிடம் மட்டும் பேசுகிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பைப்பு பிடிக்கிற வேலையில் பாதி என்னுடையதாயிற்று. கயிற்றைப் பேனாக்கத்தியால் காசு காசாக மெல்லிசாக நறுக்க வேண்டும். நறுக்கினதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் நார் நாராகப் பிரியும். அதைக் காகிதத்தில் பரப்பி நிழலில் கொஞ்சம் உலரவிட வேண்டும், ஈரத்தோடு போட்டால் பற்றாது. பிறகு பைப்பில் பாதிக்கு மேல் போகாமல் பொலபொலவென்று நிரப்ப வேண்டும். பற்றவைத்து, மேலே பொங்குவதை ஆணித் தலையால் லேசாக அமுக்கி, மறுபடி பற்றவைக்க வேண்டும். கொதிக்கிற கஞ்சியை உறிஞ்சுகிற மாதிரி சின்னச் சின்னதாக இழுத்து, வாயோடு வைத்திருந்து வெளியே விட்டுவிட வேண்டும். உள்ளே விழுங்கவே கூடாது. இத்தனைக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. சோறு தின்ற பிறகுதான் தொட வேண்டும்.

“வெறும் வயித்துல இஸ்தா யானையக்கூட குந்த வச்சிடும்” என்பார் மாமா.

ஒரு நாள் அவரே அந்தச் சட்டத்தை மறந்தார். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, வியர்த்து, விக்கல் எடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அத்தை ஒரு கட்டி வெல்லத்தை என் கையில் திணித்து ஓடு என்றாள். வெல்லத்தைத் தின்று தண்ணீர் குடித்ததும் கால் மணியில் தெளிந்துவிட்டார். புகையிலைக் கிறக்கத்துக்கு வெல்லம் என்பதை அன்றைக்குப் பாடம் பண்ணிக்கொண்டேன். ஒரு தடவை பார்த்தால் போதும், எனக்கு மறக்காது.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கல்பாக்கத்தில் நிரந்தர வேலை. காலையில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்ச் சாயந்திரம் திரும்பக் கொண்டுவந்து விடுகிற உத்தியோகம். அப்பா இந்தச் சம்பந்தத்தை விடவே கூடாது என்றிருந்தார். மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய அப்பாவும், பெரியப்பாவும், சொந்தக்காரர்கள் மூன்று பேரும் இருட்டோடு கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிந்து தட்டு மாற்றுகிற வரைக்கும் பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தின்றுவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. தண்ணீர் கொடுத்தால்கூடச் செம்பைத் தொட்டு அப்படியே வைத்துவிடுவார்கள். அதனால் வெயில் ஏற ஏற அவர்களுக்குப் பசியும் ஏறியது. பேச்சு நகரவில்லை. கல்யாணம் தங்கள் ஊரில்தான் என்றார் மாப்பிள்ளையின் அப்பா. திருப்போரூர் முருகன் சன்னதியில்தான் என்றார் என் அப்பா. பெரியப்பா இரண்டு தடவை துண்டை உதறி எழுந்து, இரண்டு தடவையும் உட்கார்ந்தார். மூன்றாவது தடவை எழுந்தால் உட்காரமாட்டார் என்று எனக்கே தெரிந்தது.

அப்போது மாமா பைப்பை எடுத்து வந்து கூடத்து ஓரத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அப்பாவின் கண் அதன்மேல் விழுந்தது. முழங்கை மாதிரி வளைந்த மீசை அவருக்கு, இடுப்பில் சுருட்டுக் கட்டு.

“இன்னாப்பா அது, அடுப்பு ஊதுறதா?”

“கப்பல்ல புடிக்கிற பைப்புங்க. காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்.”

“எங்கிட்டயேவா? மீசை மொளைக்கறதுக்கு மின்னாடிலேர்ந்து சுருட்டு புடிக்கிறவன் நானு. கொண்டா இப்டி. புகைதான, அதுல இன்னா கை நனையப் போவுது?”

மாமா பைப்பை நிரப்பினார். பாதிக்கு மேல் போடக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், அன்றைக்கு விளிம்பு வரைக்கும் அழுத்தி அழுத்திப் போட்டார். உலர்த்தவும் இல்லை. தானே பற்றவைத்து இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. “மாமா, அவங்க இன்னும் துன்னவே இல்லியே” என்றேன்.

“உள்ள போ மருமவளே. பெரியவங்க பேசிகினு இருக்காங்க இல்ல?”

மாமா மறந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். இவ்வளவு சட்டம் சொல்கிறவர் இப்படி மறக்கிறாரே என்று அவர்மேல் கொஞ்சம் இளக்காரம்கூட வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா சுருட்டை இழுப்பது போலவே இழுத்தார். மார்பு நிறைய இழுத்து விழுங்கினார். “இதானா? இதுக்கா இம்மா பேச்சு?” என்று சிரித்துவிட்டு இன்னும் பலமாக இழுத்தார். ஐந்தாறு இழுப்புக்குள் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஒரு விக்கல் வந்தது, அதன் பின்னால் ஒன்பது வந்தன. முகம் சாம்பல் பூசினாற்போல் ஆயிற்று. “காத்து... காத்து...” என்றவர் அப்படியே பாயில் சாய்ந்துவிட்டார். பைப்பு உருண்டு பாயைப் பொசுக்கியது.

கூடம் அல்லோலப்பட்டது. பெரியப்பா மூன்றாவது தடவையாக எழுந்தார். “பேச வந்த எடத்துல ஆளே சாஞ்சிட்டான். இதுக்கு மேல இன்னா சகுனம் வேணும்? தூக்குங்கடா, கெளம்பலாம்.” அப்பா வாசலை மறித்து நின்றார். அம்மா விசிறியைத் தேடி ஓடினாள். மாமா சுவரோரமாக, இருந்த இடத்திலேயே இருந்தார்.

நான் சமையற்கட்டுக்கு ஓடினேன். அத்தை புதுப்புடவையில் அலமாரிக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தாள்.

“அத்த, வெல்லம் குடு! சீக்கிரம்!”

“வெல்லம் தீந்து போச்சி.”

“பொங்கலுக்கு வாங்கனது எங்க?”

“தீந்து போச்சின்றேன் இல்ல? போடி அப்பால.”

தீரவில்லை என்பது எனக்கல்லவா தெரியும்? தினம் ரெண்டு தடவை திருடித் தின்கிறவள் நான். டப்பா அவள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. பதற்றத்தில் மறந்திருப்பாள் என்று அவள் கைக்குக் கீழே குனிந்து நுழைந்து, டப்பாவைத் திறந்து பெரிய கட்டியாக ஒன்றை எடுத்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இந்த நேரத்தில் என்ன விளையாட்டு என்று உருவிக்கொண்டு ஓடினேன்.

அவரைச் சுற்றி நின்ற கால்களுக்கு நடுவே புகுந்து வெல்லத்தை உடைத்து அவர் வாயில் திணித்தேன். தொடாமல் வைத்த செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினேன். பாதி மீசையில் போயிற்று, பாதி உள்ளே இறங்கியது. இன்னொரு துண்டு. இன்னும் கொஞ்சம் தண்ணீர். விக்கல் இரண்டு விட்டு நின்றது. கண்ணைத் திறந்தவர் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“இன்னாம்மா குடுத்த?”

“வெல்லம்” என்றேன்.

பெரியப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். “கெட்டுது போ! பொண்ணு வூட்ல வாய நனச்சிட்டியேடா!”

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “நனஞ்சது நனஞ்சி போச்சி. இனிப்ப துன்னுட்டு சம்மந்தம் வாணாம்னு போனா, நாளிக்கி ஊர்ல நம்மள எவன் மதிப்பான்? தட்ட எடுங்க. கல்யாணத்த உங்க முருகன் கோயில்லயே வச்சிக்குங்க. ஆனா சம்மந்தி, இந்தப் பொண்ண வக்கீலுக்குப் படிக்க வையி.”

மறு வருஷம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அது வேறு கதை.

தட்டு மாற்றினார்கள். அப்பா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் செய்ததில்லை. மாமா பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டிவிட்டு, கப்பலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, உடனே போக வேண்டும் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இலை போட்டு வைத்திருந்தும் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் எந்தத் தபால்காரர் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் முந்தின மாதமே அத்தையைப் பெண் கேட்டிருந்தார் என்பதும், வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில் கிடக்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு நான் கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதா என்று அப்பா மறுத்துவிட்டார் என்பதும், எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். “தெரிஞ்சேதான் குடுத்தான்டி அத. உங்க அத்தைக்கும் தெரியும்.” சொல்லிவிட்டு முறத்தை ஒரு தட்டு தட்டினாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. யாரும் கெட்டுப்போகவில்லை. மாமா சென்னையில் கல்யாணம் செய்துகொண்டு நன்றாகவே இருந்தார். அத்தைக்கும் குறை ஒன்றும் சொல்ல முடியாது. மீசைக்காரர் சாகிற வரைக்கும் மருமகள் கையால்தான் சாப்பிட்டார். அவளுடைய மகன்களின் கல்யாணம் இரண்டும் என் மண்டபத்தில்தான் நடந்தது.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு அத்தை என்னைத் தோட்டத்துத் தொட்டிக்கு அழைத்துப் போனாள். என் விரல்களில் வெல்லம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. புதுப்புடவை நனைவதைப் பார்க்காமல் உட்கார்ந்து, என் கையை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகக் கழுவிவிட்டாள். வந்தவர் போனவர் எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டிருந்தார்கள். அவள் மட்டும் பாக்கி. சொல்வாள் சொல்வாள் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் அடுத்த கையை எடுத்துக் கழுவினாள். சமையற்கட்டிலேயே நின்றுவிட்டாளே, கூடத்தில் நான் செய்ததைப் பார்த்திருக்க மாட்டாள் என்று தோன்றியது. அதனால் நடந்ததையெல்லாம், ஒன்றையும் விடாமல், முதலிலிருந்து அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.