ஓர் அடி முன்னால்

நியூ ஜெர்சியில் நான் வேலை பார்க்கும் லேபில் பக்கத்து மேசைக்காரி ட்ரினிடாட் தீவுக்காரி. அவள் காதில் எந்நேரமும் அவர்கள் ஊர்த் தெருத்திருவிழாவான கார்னிவலின் பாட்டு ஓடும். ஒரு இயர்பட்டை என் காதிலும் செருகிவிடுவாள். பாடுகிற ஆண்கள் எல்லாரும் பெண்ணைக் குனி, திரும்பு, இடுப்பை ஆட்டு என்று ஏவிக்கொண்டே இருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் யார் சொல்வதற்கு என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். பாட்டில் என்ன வேண்டுமானாலும் ஏவட்டும், தெருவில் வழக்கம் வேறு என்றாள். ஊர்வலத்தில் ஆடுகிற பெண்ணுக்குப் பின்னால் ஆண் வந்து நிற்பான். பிடித்திருந்தால் அவள் சேர்ந்து ஆடுவாள். பிடிக்கவில்லையா, திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம், ஓர் அடி முன்னால் நகர்ந்தால் போதும். அவன் காரணம் கேட்காமல் போய்விட வேண்டும். நான் சொக்கிப் போனேன். ஒரு சீமந்தத்துக்கு வர முடியாது என்று சொல்லவே நான் நாலு பேருக்கு விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் என் கணவர் என்னோடு ஒருமுறைகூட ஆடியதில்லை. எந்தப் பார்ட்டியானாலும் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பார். நல்ல மனுஷர்தான், ஆனால் கூச்சம். ஒரே ஒருமுறை என்று எனக்குள் ஆசை கிடந்து அடித்துக்கொண்டது. போன கோடையில் அந்த லேப் தோழி இங்கே நடக்கும் கார்னிவல் ஊர்வலத்துக்குக் கூப்பிட்டாள். போகும் வழியில் அந்த வழக்கத்தை அவருக்கு விளக்கினேன்.

"பின்னாடி வந்து நின்னா போதுங்க. என் மூஞ்சியக்கூட பாக்க வேணாம்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார், ஃப்ரீவேயிலிருந்து கண்ணை எடுக்காமல். எங்கள் வீட்டில் அதற்கு மாட்டேன் என்று அர்த்தம்.

அவரை நடைபாதையில் விட்டுவிட்டு நானும் தோழியும் தெருவில் இறங்கினோம். லாரி நிறைய ஸ்பீக்கர்கள். வெயிலில் ஆடுகிறவர்களின் இறகு உடைகள் மஞ்சளும் நீலமுமாய் மிதந்தன. என் கால் எங்கே, தரை எங்கே என்றே தெரியவில்லை. கண் தானாகச் செருகியது. யாரோ பின்னால் வந்து நின்றது தெரிந்தது. தொடவில்லை. பார்க்காமலேயே ஓர் அடி முன்னால் நகர்ந்தேன். ஆள் போய்விட்டது. எனக்கு ஒரே பெருமை.

தோழி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போனது உன் புருஷன்" என்றாள் ஆங்கிலத்தில்.

திரும்பினேன். என் பையை மார்போடு அணைத்தபடி, இடிபட்டவர்களிடமெல்லாம் சாரி சொல்லிக்கொண்டு, நடைபாதைக்கு ஏறிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் காத்திருந்து, வந்தவரை நானே துரத்திவிட்டேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

"ஏங்க, நீங்கன்னு தெரியலங்க."

"பரவால்லம்மா. நீதான சொன்ன, காரணம் கேக்கக் கூடாதுன்னு." சிரிக்கத்தான் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை.

பையை வாங்கிக் கீழே வைத்தேன். அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். அடுத்த லாரியில் இன்னொருவன் குனி, திரும்பு என்று ஏவிக்கொண்டு வந்தான். நான் ஓர் அடி பின்னால் வைத்தேன். வேண்டாமென்றால் விலகிப்போக அவருக்கும் இடம் இருந்தது.

அவர் விலகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் இடுப்பில் ஒரு கை வந்து அமர்ந்தது.