தலையில் காந்தம், மனசில் சந்தேகம்

தலையில் காந்தம் வைக்கிற வேலை எனக்கு. நாகர்கோவிலில் இதைவிடக் கள்ளன் வேலைக்கு மரியாதை அதிகம். ஸ்கேன், டயாலிசிஸ் என்று ஏதாவது ஒரு மெஷின் பக்கத்தில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும். இதய ஆபரேஷன் முடிந்த பெரியவர்கள் சிலருக்கு ஞாபகமும் கவனமும் குழம்பிப்போகும். நாளாகியும் தெளியாவிட்டால் எங்கள் டாக்டர் காந்த சிகிச்சை கொடுத்துப் பார்ப்பார். "பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம்" என்று முதலிலேயே சொல்லியும்விடுவார். அங்கேயே வீட்டாருக்குச் சந்தேகம் முளைத்துவிடும்.

சங்கிலி

பூதப்பாண்டிப் பக்கத்து வயல்காரர் தாணு அண்ணாச்சி அப்படித்தான் வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு மனைவி செண்பகத்தையே யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்தார். தேறாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு இருவரையும் பெங்களூருக்குக் கூட்டிப்போவதாக மகன் குமார் சொல்லியிருந்தான். செண்பகம் அக்காவுக்கு ஊரைவிட்டுப் போவதற்கு மனசே இல்லை.

காந்தத்துக்குப் பக்கத்தில் உலோகம் ஆகாது என்பதால் அண்ணாச்சியின் சங்கிலியைக் கழற்றச் சொன்னேன். அவர் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அக்காவிடம் ரகசியம்போலச் சொன்னார்: "அம்மா, இப்பம் இவ சங்கிலிய கேக்கா, பெறகு கைநாட்டு கேப்பா. நீங்க கவனமாட்டு நில்லுங்கோ!"

பெருவிரல்

காந்தம் எவ்வளவு பலமாகத் தட்டவேண்டும் என்று தெரிந்துகொள்ள, முதல் நாள் தலையில் ஓரிடத்தில் அதை வைத்துப் பார்ப்போம். சரியான அளவு வந்ததும் பெருவிரல் தானாகத் துடிக்கும். அண்ணாச்சிக்கும் துடித்தது. எனக்குச் சந்தோஷம். அக்காவோ அந்த விரலை எட்டிப் பிடித்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "தலையில தட்டினா வெரலு ஆடுகு. நாளைக்கு பத்திரத்தில இவரு வெரல நீங்களே ஆட்டி உருட்டிர மாட்டியளா, மக்களே?"

பார்க்க வந்தவர்கள்

நம்மூரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பழப்பையை வைத்த கையோடு குனிந்து, "என்னைத் தெரியுதா?" என்று கேட்காமல் போகமாட்டார்கள். சில வாரச் சிகிச்சை முடிந்த அன்று சொந்தக்காரர் கூட்டம் முழுக்க அதைத்தான் கேட்டது. அண்ணாச்சி ஒவ்வொருவராகச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். செண்பகம் அக்கா மட்டும் கேட்கவே இல்லை. என்ன பதில் வருமோ என்ற பயம்.

கடைசியாக வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்தார். அண்ணாச்சி உற்றுப் பார்த்துவிட்டு, "தெரியல்லியே" என்றார். அவ்வளவுதான். "நான் அப்பமே சொன்னேம்லா" என்று குமார் போனை எடுத்து ரயில் டிக்கெட் பார்க்கத் தொடங்கினான். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனால் அக்காவோடு பழகிப் பழகி அவருடைய சந்தேகப் புத்தி எனக்கும் தொற்றியிருந்தது. "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று வெள்ளைச் சட்டைக்காரரைக் கேட்டேன். குமாரின் மாமனாருக்கு ஒன்றுவிட்ட தம்பியாம், அருமனை ஊர்க்காரராம், குமாரின் கல்யாணத்தின்போது துபாயில் இருந்தாராம். "நான் இவர மொதமொதலாட்டு இப்பந்தான் பாக்கேன். எல்லாரும் கேட்டாவ, நானும் கேட்டேன்" என்றார்.

அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து மகனைப் பார்த்தார். "ஏலே குமாரு, தெரியாத ஆள தெரியாதுண்ணு சொன்னதுக்கா என்னைய ஊரு கடத்தப் பாக்க? ஏட்டி செண்பகம், நீ எதுக்கு அழுக? எழும்பு, நம்ம வீட்டுக்குப் போவோம்!"

அவர் தேறியது காந்தத்தாலா, நாள் போனதாலா, மகன்மேல் வந்த கோபத்தாலா என்கிற சந்தேகத்தை மட்டும் அந்தக் குடும்பம் என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டது.