பழுப்பு ஏறாத ஸ்லைடு

ஃபார்மலின் நாற்றம் ஸ்ரீதேவிக்கு ஒருநாளும் அருவருப்பாக இருந்ததில்லை. மைசூரு சரஸ்வதிபுரத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக அவள் டெக்னீஷியன். அறுவைச் சிகிச்சையில் எடுத்த சதையை மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றிச் சாயம் போடுவது அவள் வேலை. கொள்ளேகாலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த அவள் அப்பா, மகள் வெள்ளைக் கோட்டு போடுகிறாள் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம் சொல்லுவார்.

போன ஆனியில் ஒரு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. கௌதள்ளி கிராமத்து மாதேவி, வயது நாற்பத்தாறு, மார்பகப் புற்றுநோய். ஒன்றரை வருடச் சிகிச்சைக்குப் பிறகும் நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. பழைய மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் மறுபரிசோதனைக்குக் கொடுத்தனுப்பவும்.

எடுத்துக் கட்டுவதற்கு முன் ஸ்ரீதேவி ஹெர்-டூ ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

ஹெர்-டூ எல்லோர் உடம்பிலும் இருக்கிற ஒரு மரபணு. செல்லின் மேற்பரப்பில் அது ஒரு புரதத்தை நிறுத்துகிறது. ‘வளர்’ என்ற சேதியை உள்ளே அனுப்புவது அந்தப் புரதம்தான். சிலருடைய புற்றுநோயில் இந்த மரபணு இரண்டு பிரதிக்குப் பதில் பத்து, இருபது என்று பெருகிவிடும். புரதங்கள் நெருக்கியடித்து நின்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே சேதி அனுப்பும். செல் ஓயாமல் பிளக்கும். பக்கத்துச் செல்லோடு இருந்த பிடிப்பை விட்டு, ரத்தத்தில் இறங்கி, எலும்புக்குப் போய்க் குடியேறும். அந்தப் புரதத்தின் மேலேயே உட்கார்ந்து சேதியை அடக்குகிற மருந்து இருக்கிறது. ஆனால் சோதனையில் பழுப்பு நிறம் ஏறினால்தான் டாக்டர்கள் அதை எழுதுவார்கள்.

மாதேவியின் ஸ்லைடில் பழுப்பு ஏறவில்லை. சோதனை சரியாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள ஓரத்தில் ஹெர்-டூ நிறைந்த ஒரு மாதிரித் துண்டு வைப்பார்கள். அது கட்டாயம் பழுப்பாக வேண்டும். அதுவும் வெளுத்தே கிடந்தது. சோதனையே நடக்காத மாதிரிதான். ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று இருந்தது. ஸ்லைடின் மூலையில் பென்சிலால் அவளுடைய இனிஷியல்.

புதுக் கரைசலில் மறுபடி சாயம் போட்டாள். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கெட்டியாகப் பழுப்பு வளையம்.

பழைய பதிவுகளைப் புரட்டினாள். தேதி முடிந்த கரைசலை நான்கு மாதம் ஓட்டியிருந்தார்கள். நாற்பத்தொரு பெண்கள். எல்லோருக்கும் ‘நெகட்டிவ்’.

மேனேஜர் சந்தோஷ்குமார் வடை தின்றுகொண்டிருந்தார். அவள் நீட்டிய பதிவுத் தாள்களை எண்ணெய் விரலாலேயே தள்ளினார்.

“ஏம்மா, உனக்கு இதெல்லாம் வேணுமா, பேக்கா? டாக்டர் சைன் போட்டாச்சு. கட்டியக் குடுத்துட்டு சும்னே இரு.”

“முதுகெலும்புக்குப் போயிடுச்சு சார்.”

“கேன்சர்னா போகத்தான செய்யும்?”

அவர் வாயோரத்தில் சட்னி ஒட்டியிருந்தது. ஸ்ரீதேவிக்கு அருவருப்பாக இருந்தது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். முகம் கழுவும்போது, அந்த வெளுத்த துண்டைச் சோதனை செய்த அன்றைக்கே தான் பார்த்தது தெளிவாக நினைவுக்கு வந்தது. பார்த்தாள். படிப்பது டாக்டர் வேலை என்று தட்டில் அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனாள். சந்தோஷ்குமார்மேல் வந்த அருவருப்பைவிட இது மோசமாக இருந்தது.

மறுநாள் மாதேவியும் அவள் கணவர் மல்லப்பனும் மெழுகுக் கட்டியை வாங்க வந்தார்கள். பெஞ்சில் உட்காரவைத்து ஸ்ரீதேவி எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப அந்த மருந்த மொதல்லயே குடுத்திருக்கலாமுங்களா?” என்றார் மல்லப்பன்.

“குடுத்திருக்கணுங்க. தப்பு இங்கதான். அந்த ஸ்லைடு நான் போட்டது. நிறம் வரலேன்னு பாத்தும் நான் பேசாம இருந்துட்டேன்.”

மாதேவி அழவில்லை. “என்ன பாவம் பண்ணுனனோன்னு மாதேசுவரன் மலைக்கு நடந்தே போனனுங்க. முடிகூட எறக்குனேன்” என்றாள். ஸ்ரீதேவி அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

“தொடாதீங்க.” மாதேவி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். “இந்த எடத்துத் தண்ணிகூட எனக்கு வேண்டாம். எந்திரிங்க மாமா, போலாம்.”

ஸ்ரீதேவி மெழுகுக் கட்டியையும், புதுச் சோதனையின் முடிவை எழுதிய தாளையும் மல்லப்பன் கையில் கொடுத்தாள். அன்று பிற்பகலே நாற்பத்தொரு பெயர்களையும் எழுதி, தன் இனிஷியல் இருந்த ஸ்லைடுகளுக்கு எதிரே தன் பெயரையும் எழுதி, மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கொடுத்தாள். அடுத்த வாரம் வேலை போனது. விசாரணைக்கு மூன்று தடவை போய்வந்தாள். அந்த நாற்பத்தொரு பேரின் மெழுகுக் கட்டிகளை வேறிடத்தில் சோதித்தபோது ஏழு பேருக்குப் பழுப்பு ஏறியது. அவர்களில் இரண்டு பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். கூடத்தைப் பூட்டினார்கள். இரண்டு மாதத்தில் வேறு பெயர்ப் பலகையோடு அது திறந்துகொண்டது. அதே சந்தோஷ்குமார், அதே நாற்காலி.

மாதேவிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த ஊசி போடுகிறார்கள். வலி குறைந்திருக்கிறது, நடக்கிறாள், முழுசாகக் குணமாகாது என்று மல்லப்பன் ஒருநாள் போனில் சொன்னார். ஸ்ரீதேவி இப்போது நஞ்சன்கூட்டில் ஒரு சின்ன ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறாள். மாதேவியைப் பார்க்க வரலாமா என்று அந்தப் போனிலேயே கேட்டாள்.

“வேண்டாமுங்க” என்றார் மல்லப்பன்.